தண்ணீருக்கடியில் ஒரு பிரீ வெட்டிங்

நவம்பர் 20, வியாழன்

வரப்போகும் மருமகள் பிற்காலத்தில் படித்துத் தெளிவு பெறட்டும் என்று இன்று முதல் டைரி எழுதுகிறேன். ஒரு குடும்பம் எப்படி நடக்கிறது, யார் நடத்துகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிய வேண்டும்.

தை மாதம் என் மகன் தரணீஷுக்குக் கல்யாணம். பெண் பெயர் மிருதுளா, ஊர் கோபிச்செட்டிபாளையம். பிசியோதெரபி படித்துவிட்டு அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் வருகிறவர்களுக்குக் கை காலைப் பிடித்துவிடுகிறாள். அதற்கு நாலரை வருஷப் படிப்பாம். அப்பா இல்லை. அம்மா அமுதவல்லி, அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வேறு யாராக இருந்தாலும் அப்பா இல்லாத வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள். நான் யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்பதை நிச்சயதார்த்தத்தன்று அவர்களிடமே நாலைந்து தடவை சொன்னேன்.

இப்போதெல்லாம் தாலி கட்டுவதற்கு முன்பே ஜோடியாகப் படம் எடுக்க வேண்டும். பிரீ வெட்டிங் ஷூட். என் நாத்தனார் ரங்கநாயகியின் மகனும் அவனுக்கு நிச்சயித்த பெண்ணும் கொடைக்கானலுக்குப் போய், மரத்துக்கு இந்தப் பக்கம் அவனும் அந்தப் பக்கம் அவளும் நின்று எட்டிப் பார்ப்பது போல எடுத்து, மண்டப வாசலில் ஆளுயரத்துக்கு வைத்திருந்தார்கள். மரம் நன்றாக வந்திருக்கிறது என்று நானே பாராட்டினேன்.

நாங்கள் அந்தமான் போகிறோம். கடலுக்கு அடியில் படம். ஈரோட்டில் இதுவரை யாரும் எடுத்ததில்லை என்று போட்டோகிராபர் ஜெரால்டு சொன்னான். "தண்ணிக்குள்ள லெஹங்கா அப்படியே பறக்கும்ங்கம்மா. மண்டபத்துல பாக்கறவங்களுக்கு மூச்சே நின்னுரும்" என்றான். ரங்கநாயகி முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பாள்.

கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரையும் தனியாக அனுப்ப முடியுமா? நானும் என் வீட்டுக்காரரும் போகிறோம். (அவர் பெயர் சென்னியப்பன். வாயால் சொல்லத்தான் கூடாது, எழுதலாம்.) நாங்கள் போவதால் சம்பந்தியம்மாவும் வருகிறாள்.

தரணிக்கு நீச்சல் தெரியாது. சின்ன வயதில் தோட்டத்துக் கிணற்றில் பழக்குகிறேன் என்று இவர் கூப்பிட்டபோது, சளி பிடிக்கும் என்று நான்தான் விடவில்லை. அதனால்தான் இன்றைக்கும் நெஞ்சில் சளி இல்லாமல் இருக்கிறான்.

நவம்பர் 27, வியாழன்

போர்ட் பிளேர் வந்து சேர்ந்தோம். நாங்கள் நாலு பெட்டி. சம்பந்தியம்மாவுக்கும் பெண்ணுக்குமாக ஒரு பை. கடல் தாண்டி வரும்போதும் சிலருக்குக் கொண்டுவர எதுவும் இருப்பதில்லை.

அறையில் மிருதுளா வந்து, "அத்தை, இடுப்பு வலிக்குதுன்னீங்களே, கொஞ்சம் குப்புறப் படுங்க" என்று ஏதோ அழுத்திவிட்டாள். வலி போய்விட்டது. ஆனால் அது விமானத்தை விட்டு இறங்கியதால்கூட இருக்கலாம்.

நவம்பர் 28, வெள்ளி

மழைத் தூறல். நாளைக்குத்தான் தீவு. லெஹங்காவை ஹோட்டல்காரர்களிடம் இஸ்திரி போடக் கொடுத்தேன். கடலுக்குள் போகிற துணிக்கு எதற்கு இஸ்திரி என்று இவர் கேட்டார். இந்த மாதிரிக் கேள்விகளால்தான் எங்கள் மஞ்சள் மண்டியில் கணக்குப்பிள்ளைகூட இவரை மதிப்பதில்லை.

நவம்பர் 29, சனி

இன்று தீவுக்குப் போய் வந்தோம். காலையில் படகு, ஸ்நோர்கெலிங், தீவிலேயே மதியச் சாப்பாடு, சாயங்காலம் திரும்புவது. எல்லாம் பேக்கேஜில் சேர்த்தி. தீவின் பெயர் வாயில் நுழையவில்லை. எதற்கும் எழுதிவைக்கிறேன்: கடல் நன்றாக இருந்தது.

படகில் தரணி வாந்தி எடுத்தான். அவனுக்கு மென்மையான உடம்பு. மிருதுளா எலுமிச்சம்பழத்தைக் கீறி மோந்து பார்க்கச் சொன்னாள். அவள் அம்மா எதுவும் ஆகாமல் கல்லுப் போல உட்கார்ந்திருந்தாள். முப்பது வருஷம் டவுன் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவளுக்குக் கடல் என்ன செய்யும்?

தீவுக்குப் பக்கத்தில் படகை நிறுத்தினார்கள். கண்ணாடி ஒன்றை மூக்கையும் சேர்த்து மாட்டிவிட்டு, வாயில் ஒரு குழாயைக் கொடுத்து, தலையைக் கவிழ்த்து மீன் பார்க்கச் சொன்னார்கள். எல்லோருக்கும் மூழ்காமல் மிதப்பதற்கு ஆரஞ்சு நிற ஜாக்கெட். கைடு ஒரு நடுத்தர வயதுக்காரர், பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கமாம், நன்றாகத் தமிழ் பேசினார். நான் இறங்கவில்லை. மீனைச் சந்தையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

யாரும் எதிர்பார்க்காமல் என் வீட்டுக்காரர் இறங்கிவிட்டார். ரொம்ப நேரம் தலையையே தூக்கவில்லை. ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். கடைசியில் நிமிர்ந்து, குழாயைத் துப்பிவிட்டு, "சாந்தா, உள்ள ஒரு ஊரே இருக்குது!" என்று கத்தினார். மறுபடி தலையை உள்ளே விட்டுக்கொண்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னிடம் இவ்வளவு உற்சாகமாகப் பேசியதில்லை. இதுவும் என்னைப் பற்றிப் பேசியதல்ல, மீனைப் பற்றிப் பேசியது.

மிருதுளா மீன் குஞ்சு மாதிரி நீந்தினாள். கோபியில் வாய்க்காலில் பழகியதாம். பெண்பிள்ளை வாய்க்காலில் குதித்ததைச் சம்பந்தியம்மா பெருமையாகச் சொல்கிறாள்.

பிறகு ஷூட். இவர் மட்டும் இன்னும் மீனை விட்டு ஏறவில்லை. மிருதுளா படகுக்குள் மறைவாக லெஹங்காவுக்கு மாறினாள். தரணிக்கு ஷெர்வானி. இதற்கு மேல் ஆரஞ்சு ஜாக்கெட் போட்டால் எப்படி இருக்கும்? நெடுஞ்சாலை வேலைக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். ஜெரால்டு தலையைச் சொறிந்தான். ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது, அது விதி என்று கைடு சொன்னார். நான்தான் எடுத்துச் சொன்னேன்.

"ரெண்டே நிமிசந்தானுங்க. படகுப் பக்கத்துலயே, கயித்தப் புடிச்சுக்குவாங்க."

மிருதுளா, "அத்தை, தரணிக்கு நீச்சல் தெரியாதுங்களே. வேண்டாமே" என்றாள்.

"உனக்குத் தெரியுமில்ல கண்ணு? நீ புடிச்சுக்க" என்றேன். அவள் ஜாக்கெட்டைக் கழற்றினாள். கைடும் முனகிக்கொண்டே, தானும் பக்கத்திலேயே இருப்பதாகச் சொல்லி ஒப்புக்கொண்டார். நான் பேசினால் மண்டியில் வியாபாரிகளே ஒப்புக்கொள்வார்கள்.

இரண்டு படம் எடுத்தார்கள். அப்புறம் ஒரு சின்ன சம்பவம். ஓர் அலை வந்ததில் தரணி கயிற்றை விட்டுவிட்டான். தண்ணீரில் கால் வைக்க இடம் தேடுகிறவன், பக்கத்தில் எது இருக்கிறதோ அதன்மேல்தான் கால் வைப்பான். பக்கத்தில் மிருதுளா இருந்தாள். அவ்வளவுதான் நடந்தது. அவள் தோளில் ஏறி, தலையைப் பிடித்துக்கொண்டு, அவன் மேலே வந்துவிட்டான். அவள் கொஞ்ச நேரம் கண்ணில் படவில்லை. லெஹங்கா மட்டும் தண்ணீருக்குள் விரிந்து விரிந்து தெரிந்தது. ஜெரால்டு சொன்னபடியே பறந்தது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. பெற்ற வயிறு எதையாவது கத்தும்.

அமுதவல்லி கட்டின சேலையோடு கடலில் குதித்துவிட்டாள். நீச்சல் தெரியாது. குதித்து என்ன செய்வதாக உத்தேசம் என்று எனக்கு விளங்கவில்லை. ஜாக்கெட் போட்டிருந்ததால் பூசணிக்காய் மாதிரி மிதந்துகொண்டு, "மிருது, மிருது" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கைடு தரணியின் கையைப் பிடுங்கி எடுத்து, படகுக்காரர்களிடம் தள்ளிவிட்டு, முங்கிப்போய் அவளைத் தூக்கினார். இருமினாள், தண்ணீராகக் கக்கினாள், சரியாகிவிட்டாள். டீச்சரையும் தூக்க வேண்டியதாயிற்று. பாவம், அந்த ஆள்.

தரணி நடுங்கிக்கொண்டிருந்தான். படகில் இருந்த இரண்டு துண்டையும் போர்த்தித் தலையைத் துவட்டி, நெஞ்சில் விக்ஸ் தேய்த்துவிட்டேன். நல்லவேளை, பையில் வைத்திருந்தேன்.

மதியச் சாப்பாடு தீவில், மரத்தடியில் மேசை போட்டு. சோறு, பருப்பு, பொரித்த மீன், வதக்கின முட்டைக்கோஸ். மணல் எல்லாவற்றிலும் சேர்த்தி. அம்மாவும் பெண்ணும் தனி மேசையில் உட்கார்ந்துகொண்டார்கள். மிருதுளா ஈர உடையின்மேல் என் வீட்டுக்காரரின் சட்டையைப் போட்டிருந்தாள். இவர் கழற்றிக் கொடுத்துவிட்டு, வெள்ளைக்காரர்கள் நடுவில் பனியனோடு உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்குத்தான் மானம் போயிற்று.

தரணி முதலில் சாப்பிடவில்லை. முள் எடுத்து ஊட்டிவிட்டதும் சாப்பிட்டான். மிருதுளா ஒரு தடவை திரும்பி எங்களைப் பார்த்தாள். "சாப்புடு கண்ணு, மீன் ஃபிரெஷ்ஷு" என்றேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். சாப்பாட்டுக்கு ஒரு மரியாதை கொடுக்கத் தெரியாத பெண்.

நவம்பர் 30, ஞாயிறு

காலையில் காபி வருவதற்குள் அமுதவல்லி கதவைத் தட்டினாள்.

"உள்ள வாங்க சம்பந்தி" என்றேன்.

"இல்லீங்க, நின்னே சொல்லிட்டுப் போயர்றேன். இந்தக் கல்யாணம் வேண்டாமுங்க."

"ரெண்டு வாய் உப்புத்தண்ணி குடிச்சதுக்கா?"

"அதுக்கில்லீங்க. நீங்க கத்துனதுக்கு."

"நான் என்ன கத்துனேன்?"

அவள் பாடம் நடத்துகிற குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள்: "'அவ போனாப் போறா, நீ மேல வா சாமி'ன்னு கத்துனீங்க. நான் உங்களுக்குப் பக்கத்துலதானுங்க உக்காந்திருந்தேன்."

நான் அப்படிச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தாலும் அலைச் சத்தத்தில் தப்பாகக் கேட்டிருக்கும். தப்பாகக் கேட்கவில்லை என்றாலும், அந்த நேரத்தில் வாயில் வருவதையெல்லாம் கணக்கில் எடுக்கக் கூடாது. கணக்கு டீச்சருக்கு எல்லாமே கணக்குத்தான்.

அவள் போனபிறகு இவரிடம், "நான் அப்படியா சொன்னேன்?" என்று கேட்டேன். ஷேவ் செய்துகொண்டிருந்தவர் கண்ணாடியைப் பார்த்தே, "தண்ணிக்குள்ள இருந்த எனக்கே கேட்டுது" என்றார்.

தரணி போர்வைக்குள் படுத்திருந்தான். தூங்கிக்கொண்டிருந்தான் என்றுதான் நினைக்கிறேன்.

டிசம்பர் 1, திங்கள்

விமானத்தில் அவர்கள் முன்னால், நாங்கள் பின்னால். தரணி வழியெல்லாம் மிருதுளாவின் பின்தலையையே பார்த்துக்கொண்டு வந்தான். பேச வேண்டியதுதானே என்றேன். "என்னன்னும்மா பேசறது?" என்றான். அதையும் நானே சொல்லித்தர வேண்டுமா?

டிசம்பர் 4, வியாழன்

நிச்சயத்துக்கு நாங்கள் போட்ட மோதிரத்தையும் சேலையையும் கோபியிலிருந்து ஆள் மூலம் அனுப்பிவிட்டார்கள். சேலையில் மடிப்புக்கூடக் கலையவில்லை. என் வீட்டுக்காரரின் சட்டையும் துவைத்து, தேய்த்து, தனிப் பையில் வந்தது.

டீச்சரிடம் பேசிப் பயனில்லை என்று நேராக மிருதுளாவுக்கே போன் போட்டேன். இதுவரை அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், "சொல்லுங்க ஆன்ட்டி" என்றாள்.

"பயத்துல ஒருத்தன் பண்ணுனத மனசுல வெச்சுக்கலாமா கண்ணு?"

"தரணி ஏறுனதுக்கு எனக்குக் கோவமில்லீங்க. முங்கறவங்க கைக்குக் கெடச்சதப் புடிச்சு ஏறத்தான் செய்வாங்க. அந்த எடத்துல நான் இருந்தாலும் ஏறியிருப்பேனோ என்னமோ. மேல வந்தப்பறம் பயம் போயிருக்குமில்லீங்களா? சாயங்காலம் கரைக்கு வர்ற வரைக்கும் அவர் ஒரு தடவை எங்கிட்ட வந்து, எப்படி இருக்கேன்னு கேட்டிருக்கலாம்."

"அவன் நனைஞ்சு நடுங்கீட்டு இருந்தானேம்மா. நான் துவட்டிக்கிட்டு இருந்தேன். நீ பாத்தீல்ல?"

"பாத்தேனுங்க. நானும் நனைஞ்சுதானுங்க இருந்தேன்."

அதற்கப்புறம் இடுப்பு வலிக்கு எந்தப் பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். என்ன திமிர்.

டிசம்பர் 8, திங்கள்

ஊரே கேட்கிறது. பத்திரிகை அடிக்கக் கொடுத்ததை நிறுத்தியாயிற்று, மண்டபத்துக்காரருக்குச் சொல்லியாயிற்று. இனி என்ன காரணம் சொல்வது? பெண் வீட்டார் நம்மை வேண்டாம் என்றார்கள் என்று யாராவது சொல்வார்களா? தரணிக்கு மறுபடி பெண் பார்க்க வேண்டாமா?

ரங்கநாயகி போனில் துருவித் துருவிக் கேட்டாள். நான் பொய் சொல்லவில்லை. தண்ணீரில் இறங்கியதும் பெண்ணுக்குக் கை காலெல்லாம் இழுத்தது, வாயில் நுரை தள்ளியது என்றேன். இரண்டும் நடந்ததுதான். "அச்சச்சோ, வலிப்பா அண்ணி?" என்றாள். "நான் வலிப்புன்னு சொல்ல மாட்டேன். வலிப்பு மாதிரி" என்றேன். அந்த 'மாதிரி'யை அவள் அடுத்த ஆளுக்குச் சொல்லும்போது விட்டுவிட்டால் அதற்கு நான் பொறுப்பா?

டிசம்பர் 11, வியாழன்

'மாதிரி'யை விட்டுவிட்டாள்.

டிசம்பர் 12, வெள்ளி

தரணி வேலை பார்க்கிற கோயமுத்தூரிலிருந்து வந்திருக்கிறான். பெட்டியை வைப்பதற்குள் கேட்டான்.

"மிருதுளாவுக்கு வலிப்புன்னு நீங்க சொன்னீங்களா?"

"யார் சொன்னா?"

"ஜெரால்டு. சத்தியமங்கலத்துலருந்து அவளப் பொண்ணு கேட்டு வர்றதா இருந்தாங்களாம். விசயம் காதுக்குப் போயி, வரவே இல்லியாம். அவ வேலை பாக்கற ஆஸ்பத்திரிலயும் கேக்கறாங்களாம்."

பார்த்தீர்களா? மோதிரம் திரும்பி வந்து பத்து நாள் ஆகவில்லை, அதற்குள் சத்தியமங்கலம். இதைச் சொன்னால் தரணிக்குக் கோபம் வருகிறது. "உனக்காகத்தான் சாமி எல்லாம்" என்றேன். "தெரியும்மா" என்றான். பிறகு, "அன்னைக்கும் எனக்காகத்தான் கத்துனீங்க" என்றான். நன்றியோடு சொன்ன மாதிரித் தெரியவில்லை.

ராகி களியும் கீரையும் செய்திருந்தேன். வேண்டாம் என்று படுத்துவிட்டான்.

டிசம்பர் 14, ஞாயிறு

ரங்கநாயகியின் மகள் வயிற்றுப் பேத்திக்கு இன்று பவானியில் காதுகுத்து. போகாமல் இருந்தால் பேசுவார்கள், போனால் கேட்பார்கள். கேட்கட்டும் என்றுதான் போனேன். சேலைகூட அந்தமானுக்கென்று எடுத்த மாம்பழக் கலர் பட்டு.

பந்தியில் எனக்கு ஒரு பக்கம் தரணி, மறுபக்கம் என் வீட்டுக்காரர். சாம்பார் முடியும்வரை எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ரங்கநாயகி உபசரிக்கிற சாக்கில் எதிரே வந்து நின்று, பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி, "எங்கண்ணன் நெறையப் புண்ணியம் பண்ணிருக்காரு. தாலி கட்டுன பொறகு அந்தப் புள்ளைக்கு வலிப்பு வந்திருந்தா என்ன பண்ணியிருப்போம்?" என்றாள்.

நான் பெருமூச்சு விட்டேன். அந்த இடத்தில் அதுதான் பொருத்தம்.

தரணி எழுந்து நின்றான். எச்சில் கையோடு.

"அத்தை, அவளுக்கு வலிப்பெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நாந்தான் தண்ணில பயந்துபோயி அவ தோள்மேல ஏறி மிதிச்சேன். கைடு இல்லீன்னா அவ செத்திருப்பா. அதுக்கப்பறம் எப்படியிருக்கேன்னுகூட நான் கேக்கலை. அவங்கதான் என்னைய வேண்டான்னு சொன்னாங்க. நாங்க சொல்லலை."

ரசவாளியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எதிர் வரிசையில் ஓர் ஆள் அப்பளத்தை வாயில் வைத்துக்கொண்டு கடிக்காமல் உட்கார்ந்திருந்தார். நான் தரணியின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"உக்காரு சாமி. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்மா. நீங்களும் ஒரு வார்த்தை சொல்லீருங்க."

நான் என்ன சொல்வது? இவரைப் பார்த்தேன். வீட்டிலும் சரி, மண்டியிலும் சரி, இவர் வாயைத் திறந்தால் மழை வரும். இன்று திறந்தார்.

"பையன் சொல்றது நெசம் ரங்கநாயகி. நான் அங்கதான் இருந்தேன். உங்கிட்ட யார் கேட்டாலும் இதையே சொல்லீரு. நீ யார் யாருகிட்டச் சொன்னியோ அவங்களுக்கும் இன்னைக்கே போன் பண்ணீரு." அப்புறம் ரசக்காரரைப் பார்த்து, "ஊத்துப்பா" என்றார்.

தரணி உட்கார்ந்தான். எச்சில் கையை இலையின்மேல் வைத்தான். நான் பிடிக்கப் போனேன். விலக்கிக்கொண்டான். முரட்டுத்தனமாக இல்லை, மெதுவாகத்தான் விலக்கினான்.

இலையை மூடாமலே எழுந்து வந்து காரில் உட்கார்ந்துகொண்டேன். யாராவது ஒருத்தர் வந்து கூப்பிடுவார்கள் என்று கண்ணாடியை இறக்கியே வைத்திருந்தேன். ஒருத்தரும் வரவில்லை. பந்தி முடிந்து, தாம்பூலம் வாங்கி, சாவகாசமாக வந்தார்கள்.

கார் கிளம்பியபிறகு இவர் சொன்னார்: ரங்கநாயகி கை கழுவுகிற இடத்துக்கே வந்து, அப்படியென்றால் பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லையா என்று இரண்டு தடவை கேட்டாளாம். இல்லை என்றதும், தன் கொழுந்தனார் மகனுக்கு ஜாதகம் கேட்டுப் பார்க்கட்டுமா என்றாளாம். இவர் டீச்சர் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். முன் சீட்டில் அப்பனும் மகனும் சித்தோடு தாண்டும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். பிறகு தரணி, "தண்ணிக்குள்ள அப்படி என்னப்பா பாத்தீங்க அன்னைக்கு?" என்று கேட்டான். இவர் ஆரம்பித்துவிட்டார். நீல மீனாம், வரி மீனாம், பூ மாதிரி விரிகிற ஏதோ ஒன்றாம். ஈரோடு வரும்வரை நிறுத்தவில்லை. நான் பின்னால் இருப்பது இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்த மாதிரித் தெரியவில்லை.

காலையிலிருந்து நான் சாப்பிட்டது பாதி இலைச் சோறு. பசிக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, பட்டுச் சேலையைக்கூட மாற்றாமல், நானே இரண்டு தோசை ஊற்றி நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

பாயசம் நன்றாக இருந்ததாம்.